பாதியோடு நிறுத்தப்படும் பத்தீஸ்தி

இத்தாலியப் பாப் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் லூச்சோ பத்தீஸ்தியை இரண்டாக வெட்டித்தான் பேசுகிறார்கள். பாடலாசிரியர் மொகோலோடு சேர்ந்து 1966 முதல் 1980 வரை நாட்டையே பாடவைத்தவர் ஒரு பத்தீஸ்தி. 1982 முதல் 1994 வரை, எளிதில் பிடிபடாத ஆறு இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியிட்டுவிட்டு வாய் திறக்காமல் இருந்துவிட்டவர் இன்னொரு பத்தீஸ்தி. முதலாமவரை இத்தாலியர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைபோல் கொண்டாடுகிறார்கள். இரண்டாமவரைப் பற்றிக் கேட்டால், நல்ல கலைஞன் ஒருவன் ஏதோ காரணத்தால் வழிதவறிப் போனதாக வருத்தப்படுகிறார்கள். இந்தக் கதை வசதியானது, ஆனால் தவறானது என்பது என் வாதம். இசைத்தட்டுகளை வந்த வரிசையிலேயே வைத்துக் கேட்டால் 1980-இல் எந்த முறிவும் தெரிவதில்லை. 1971-இல் தொடங்கிய ஒரே தேடல் இருபத்து மூன்று ஆண்டுகள் நீண்டு போயிருப்பதுதான் கேட்கிறது. பாட்டின் பாரத்தைக் கதையிலிருந்தும் குரலிலிருந்தும் இறக்கி, ஒலியின் மேல் ஏற்றுவது அந்தத் தேடல். கடைசித் தட்டுகள் அதன் முடிவு; அவற்றை ஒதுக்கிவிட்டால் முதல் பாதியும் சரியாகப் புரியாமல் போகிறது.

தமிழ் வாசகருக்குப் பழக்கமில்லாத பெயர் என்பதால் ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரியேத்தி மாவட்டத்து மலைக் கிராமமான போஜ்ஜோ புஸ்தோனேயில் 1943 மார்ச் 5 அன்று பிறந்தவர். இளம் வயதில் மிலானுக்குப் போய் ‘இ கம்பியோனி’ என்ற குழுவில் கிதார் வாசித்தார். ரே சார்ல்ஸ், ஓட்டிஸ் ரெடிங் போன்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் பாட்டில் ஊறியவர். ஜூலியோ ரப்பெத்தி என்ற இயற்பெயர் கொண்ட மொகோலை 1965-இல் சந்தித்தார். முதலில் கேட்ட மெட்டுகள் தனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று மொகோலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இருவரும் வேலை செய்த முறை நம் திரையிசையை அறிந்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாதது: மெட்டுக்குப் பாட்டு. பத்தீஸ்தி கிதாரோடு வந்து, பொருளில்லாத ஓசைகளை வைத்து மெட்டைப் பாடிக்காட்டுவார். மொகோல் அதில் சொற்களை உட்காரவைப்பார். முதலில் மற்றவர்களுக்காக எழுதினார்கள். ‘29 செத்தெம்ப்ரே’ என்ற பாடலை 1967-இல் எக்விப் 84 குழு பாடிப் பெரும் வெற்றி கண்டது. 1969-இல் பத்தீஸ்தி சான்ரேமோ பாட்டுப் போட்டியில் தாமே மேடையேறினார். ஒன்பதாவது இடம் கிடைத்தது. கரகரத்து, உச்சியில் உடையும் அந்தக் குரல் பாடகனுக்குரியதே இல்லை என்று சொன்னவர்கள் அப்போது பலர். அதற்குப் பிறகு அவர் சான்ரேமோ பக்கம் போகவே இல்லை.

மொகோல் காலத்தை எளிய, இனிய பாட்டுகளின் காலமாக நினைவில் வைத்திருப்பதுதான் முதல் பிழை. 1971-இல் வந்த ‘லா கன்ஸோனே தெல் சோலே’ மூன்றே கார்டுகளில் முழுதும் ஓடிவிடும் பாட்டு. இன்றும் இத்தாலியில் கிதார் பழகுகிறவர்கள் விரல் வைத்துப் பார்க்கும் முதல் பாட்டுகளில் ஒன்று. அதே ஆண்டில், அதே மனிதர் ‘பென்சியேரி எ பரோலே’யையும் வெளியிட்டார். அதில் அவருடைய குரலே இரண்டாகப் பிரிந்து, இரண்டு வெவ்வேறு வரிகளை ஒரே நேரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பாடுகிறது. எந்த வரியைப் பின்தொடர்வது என்று கேட்பவர்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்ட பாட்டு பல வாரம் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் நின்றது. அதாவது, பொதுமக்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய காலத்திலேயே, சொல்லைத் தெளிவாகக் காதில் போடுவது பாட்டின் கடமை என்று பத்தீஸ்தி நினைத்திருக்கவில்லை.

அந்த ஆண்டின் இன்னொரு சாட்சி ‘அமோரே எ நோன் அமோரே’ என்ற இசைத்தட்டு. காதலும் காதலின்மையும் என்பது பெயரின் பொருள். எட்டுப் பகுதிகள். நான்கு, முரட்டு ராக் பாட்டுகள். பின்னாளில் பிரெமியாத்தா ஃபொர்னேரியா மார்கோனி என்ற பெயரில் உலகப் புகழ் பெறவிருந்த இளைஞர்கள் அதில் வாசித்தார்கள். அவற்றுக்கு இடையிடையே வரும் மற்ற நான்கு, சொல்லே இல்லாத இசைத் துண்டுகள். ஜான் பியேரோ ரெவெர்பேரியின் கையில் வாத்தியக் குழுவோடு விரிபவை. இவற்றுக்கு வைத்த பெயர்கள்தான் விசித்திரம். ஒவ்வொன்றும் ஒரு நீண்ட வாக்கியம். ஆகஸ்ட் 7 பிற்பகலில், பழைய கார்களைக் குவித்துப்போட்ட இடத்தில், கொதிக்கும் தகரங்களுக்கு நடுவே ஒருவன் தனியாக நிற்பதை ஒரு தலைப்பு விவரிக்கிறது. பாட்டுக்குள் இருக்க வேண்டிய கதை முழுவதையும் தலைப்புக்கு அனுப்பிவிட்டு, உள்ளே இசையை மட்டும் வைத்திருக்கிறார். நிறுவனம் தயங்கியது, வெளியீடு 1971 கோடைவரை தள்ளிப்போனது. சொல்லையும் ஒலியையும் பிரித்து வைத்துப் பார்க்கும் ஆசை இவருக்கு வயதான பிறகு வந்த கிறுக்கு என்று நினைப்பவர்கள் இந்தத் தட்டை மறந்துவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

அடுத்து, 1972-இல், நூமெரோ ஊனோ நிறுவனத்துக்காகச் செய்த முதல் இசைத்தட்டு ‘உமானமெந்தே உவோமோ: இல் சோஞ்ஞோ’. இத்தாலியில் மூன்று தலைமுறைகளுக்கு மனப்பாடமான ‘இ ஜார்தீனி தி மார்ஸோ’வும் ‘எ பென்சோ அ தே’யும் இதில்தான் இருக்கின்றன. வறுமையான குழந்தைப்பருவத்தைத் தாழ்ந்த குரலில், ஏறக்குறைய பேசுவதுபோல் சொல்லிக்கொண்டு வந்து, பல்லவியில் திடீரென அணை திறந்தாற்போல் பொங்கும் அந்த முதல் பாட்டு அவருடைய சாதனைகளில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தட்டின் தலைப்புப் பாட்டில் சொற்களே கிடையாது. கிதாரும் சீட்டியும் முனகலும்தான். கடைசியில் வரும் ‘இல் ஃபுவோகோ’ மின்கிதாரைக் கிழித்துக் கதறவிடும் ஒலிப் பரிசோதனை. இவற்றையெல்லாம் தாண்டிக் குதித்துப் பிடித்த பாட்டுக்கு ஊசியை நகர்த்தும் பழக்கம் அன்றே தொடங்கியிருக்க வேண்டும். ஒரே அட்டைக்குள் இருக்கும் இரண்டு பத்தீஸ்திகளில் ஒருவரை மட்டும் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டின் முடிவில் வந்த ‘இல் மியோ காந்தோ லீபெரோ’ அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. அரசியல் பாட்டுகள் கோலோச்சிய காலம் அது. காதலை மட்டும் பாடுகிறவர் என்று இடதுசாரிகள் அவரை ஏசினார்கள்; அட்டையில் உயர்ந்திருந்த கைகளைப் பாசிச வணக்கம் என்று வாசித்தவர்களும் உண்டு. இந்தச் சண்டையில் அவருடைய இசையைக் கவனித்தவர்கள் குறைவு.

என் வாதத்துக்கு மையமான சான்று 1974 டிசம்பரில் வந்த ‘அனிமா லாத்தினா’. மொகோலோடு தென்னமெரிக்காவுக்குப் போய்வந்த பிறகு செய்தது. தாள வாத்தியங்களும் பித்தளைக் குழல்களும் சிந்தசைசரும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் நீண்ட பாட்டுகள். ஒரு பாட்டில் வந்த இசைத் துணுக்கு இன்னொன்றில் தலைகாட்டிப் போகும். ஆனால் அன்றைய கேட்போரைத் திகைக்கவைத்தது வேறொன்று. பத்தீஸ்தியின் குரல் சரியாகக் கேட்கவில்லை. பதிவில் கோளாறு ஏதும் இல்லை. வேண்டுமென்றே குரலை வாத்தியங்களுக்குப் பின்னால் இறக்கி வைத்திருந்தார். கேட்பவர் காதைத் தீட்டிக்கொண்டு உள்ளே வர வேண்டும், பாட்டில் தாமும் பங்கெடுக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்ததாக ஒரு பேட்டியில் விளக்கினார். நாட்டின் மிகப் பிரபலமான குரல், தன்னைத் தானே மங்கவைத்துக்கொள்கிறது. இதே தட்டில் ‘அனோனிமோ’ என்ற பாட்டின் முடிவில் ஊர்த் திருவிழா பேண்டு ஒன்று வந்து ‘இ ஜார்தீனி தி மார்ஸோ’வின் மெட்டை ஊதிவிட்டுப் போகிறது. வெளிவந்து மூன்றாண்டுகூட ஆகாத தம் வெற்றிப் பாட்டை, ஏற்கெனவே ஊருக்குச் சொந்தமாகிவிட்ட பழைய பொருளாக அவர் தள்ளிவைத்துப் பார்க்கிறார். எல்லாம் சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும்: இந்தத் தட்டு விற்பனையில் முதலிடத்துக்குப் போனது. கடினமானதைக் கொடுத்தால் மக்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு இல்லாமல் போனதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் கேட்டவரையில், அவருடைய தட்டுகளிலேயே நிறைவானது இதுதான்.

அப்படியானால் 1976 முதல் 1980 வரையிலான நடன இசைப் பாட்டுகளை என்னவென்று சொல்வது? ‘அங்கோரா து’வும் ‘சீ, வியஜ்ஜாரே’யும் வானொலியில் ஓயாமல் ஒலித்தவை, துள்ளலும் தெளிவுமாக, எவரும் ஆடக்கூடியவை. பரிசோதனையில் களைத்துப்போய்ப் பழைய வழிக்குத் திரும்பினார் என்று இதைப் படிப்பது எளிது. கூர்ந்து கேட்டால் வேறு கதை. 1976 தட்டின் பெயரையே பாருங்கள்: லூச்சோ பத்தீஸ்தி, டிரம்ஸ், டபுள் பேஸ், இத்யாதி. அமெரிக்க டிஸ்கோவிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது பாட்டின் அஸ்திவாரத்தை மாற்றும் உத்தியை. முன்பு மெட்டு நடக்க, தாளம் கூடவே வந்தது. இப்போது தாளம் ஓட, மெட்டு அதன் மேல் ஏறிக்கொண்டது. 1977-இல் அமெரிக்கக் கலைஞர்களோடு ஒரு தட்டு. பிறகு இரண்டு முறை லண்டன். ஜெஃப் வெஸ்ட்லியின் இசையமைப்பில் உருவான ‘ஊனா தொன்னா பேர் அமீகோ’ 1978-இல் மிக அதிகம் விற்ற தட்டுகளில் ஒன்று. அதில் ‘பிரெந்திலா கொசீ’ என்ற பாட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகும் வாத்தியங்களோடு நிமிடக்கணக்கில் நீண்டுகொண்டே போகிறது. 1980 தட்டின் இறுதிப் பாட்டான ‘கோன் இல் நாஸ்த்ரோ ரோசா’விலும் அப்படித்தான்; பில் பாமரின் கிதார் பேச ஆரம்பித்ததும் பாடகர் ஒதுங்கிக்கொள்கிறார். மொகோலோடு அவர் செய்த கடைசி இசைத்தட்டு அதுவே.

இந்த இடத்தில், எல்லோருக்கும் தெரிந்திருந்தும் யாரும் உரிய எடை கொடுக்காத ஒரு செய்தியைப் பார்க்க வேண்டும். 1970-க்குப் பிறகு பத்தீஸ்தி கச்சேரிச் சுற்றுப்பயணம் எதுவும் போகவில்லை. 1972-இல் பாடகி மீனாவோடு தொலைக்காட்சியில் பாடியது மாதிரியான ஓரிரு நிகழ்ச்சிகள் தவிர மக்கள் முன் வருவதையே குறைத்துக்கொண்டார். எழுபதுகளின் முடிவில் பேட்டிகளும் நின்றன. கலைஞன் தன் வேலையின் மூலமாக மட்டுமே பேச வேண்டும் என்று அறிவித்துவிட்டு அதன்படியே நடந்தார். அவருடைய பெருவெற்றிகளில் பல மேடையை விட்ட பிறகு வந்தவை என்பதை எண்ணிப் பாருங்கள். மேடையில் பாடுகிறவருக்கு ஒரு கட்டாயம் உண்டு: சபை கேட்கும் பழைய பாட்டை ஒவ்வோர் இரவும் அதே மாதிரி கொடுத்தாக வேண்டும். அந்தக் கட்டாயத்திலிருந்து தம்மை விடுவித்துக்கொண்டவருக்கு இசைத்தட்டு ஒன்றுதான் இருப்பிடம். பல பாடகர்களுக்கு ஆல்பம் என்பது அடுத்த சுற்றுப்பயணத்துக்கான விளம்பரம். இவருக்கு அதுவே முழு வேலை. ஆகவே ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் என்ன மாறியது என்று கேட்பதுதான் இவரைப் புரிந்துகொள்ளும் முறையான வழி. சிறந்த இருபது பாட்டுகள் என்று தொகுத்துக் கேட்பது இவர் விஷயத்தில் பெரிய அநியாயம்.

1982-இல் வந்த ‘எ ஜா’வில் மனிதர் வாசிக்கும் வாத்தியம் என்று எதுவும் இல்லாத அளவுக்கு எல்லாமே மின்னணு ஒலி. தயாரித்தவர் லண்டனின் கிரெக் வால்ஷ். பாடல் வரிகள் வெலேஸியா என்ற பெயரில் பத்தீஸ்தியின் மனைவி எழுதியவை. வரிகள் சாதாரணமானவைதான், தத்துவத்தைக் குறிப்பேட்டில் கிறுக்கியதுபோல் இருக்கும். தட்டு எனக்கு முழுமையாகப் பிடித்தமானதும் இல்லை. ஆனால் அது செய்த வேலை முக்கியம். பத்தாண்டுகளாக நெருங்கிக்கொண்டிருந்த எல்லையை இதில் தொட்டுவிட்டார்: சொல் நடுவில் இல்லை, குரல் தழுதழுப்பதில்லை, வாத்தியக்காரர்களின் திறமைகூட இல்லை. வீட்டிலிருந்த மரச்சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துப்போட்டுவிட்டு வெறும் சுவரைப் பார்ப்பதைப் போன்ற தட்டு இது. அடுத்து என்ன செய்தாலும் அதைப் புதிதாகத்தான் கட்டியாக வேண்டும்.

கட்டுவதற்கு வந்தவர் ரோமைச் சேர்ந்த கவிஞர் பஸ்குவாலே பனெல்லா. இருவரும் சேர்ந்து எட்டு ஆண்டுகளில் ஐந்து தட்டுகள்: 1986-இல் ‘தோன் ஜொவான்னி’, 1988-இல் ‘லப்பாரென்ஸா’, 1990-இல் ‘லா ஸ்போசா ஒச்சிதெந்தாலே’, 1992-இல் ‘கோசா சுச்செதெரா அல்லா ரகாட்ஸா’, 1994-இல் ‘ஹெகல்’. ஒவ்வொன்றிலும் எட்டுப் பாட்டு. வெள்ளை அட்டையில் சில கோடுகள், பாடகரின் முகம் கிடையாது. பனெல்லாவின் வரிகள் சிலேடையும் தாவலுமாக ஓடும். ஒரு வாக்கியம் காதலில் ஆரம்பித்துச் சமையலறைப் பொருளில் போய் முடியும். ‘தோன் ஜொவான்னி’யில் மெட்டு முதலில் வந்தது, சொல் பின்னால் வந்தது, மொகோலோடு இருந்த அதே முறை. ராபின் ஸ்மித் அமைத்த வயலின்களும் மின்னணுத் தாளமும் இணைந்து நடக்க, மெட்டுகளில் பழைய பத்தீஸ்தியின் கனிவு அப்படியே இருக்கிறது. ‘லே கோசே கே பென்சனோ’வை அதன் வரிகள் புரியாத ஒருவர் கேட்டால் 1972-இல் எழுதியது என்றே நினைக்கக்கூடும். அடுத்த தட்டிலிருந்து முறையைத் தலைகீழாக்கினார்கள். பனெல்லா முதலில் எழுதிக் கொடுத்தார். பத்தீஸ்தி அதற்கு இசையமைத்தார். பாட்டுக்கு மெட்டு. ஒரே அசைவில் திரும்பத் திரும்ப வராத, எங்கே நிற்கும் என்று சொல்லமுடியாத வரிகளுக்கு மெட்டுப் போட உட்கார்ந்தால் பல்லவி தங்காது, சரணங்கள் ஒன்றுபோல் இருக்காது. வந்த மெட்டு திரும்பி வராமல் போய்க்கொண்டே இருக்கும். கடைசி நான்கு தட்டுகளில் பாட்டுகள் அப்படி ஓடுவதற்கு இந்தத் தொழில்முறை மாற்றமே காரணம். விரக்தியோ வெறுப்போ அதற்குள் தேட வேண்டியதில்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் வெளிச்சமாகிறது. மொகோல் காலத்தில் சொற்களைத் தாழ்த்தி இசையை உயர்த்தப் பார்த்தவர், பனெல்லா காலத்தில் சொற்களையே இசைப் பொருளாக மாற்றிவிட்டார். கதை சொல்லும் பொறுப்பு போனதும் சொல் வெறும் ஓசையாக, தாளமாக, நிறமாகப் பாட்டுக்குள் வந்து சேர்ந்துகொள்கிறது. ‘அமோரே எ நோன் அமோரே’யில் பிரித்து வைத்த இரண்டும் இங்கே வேறு விதமாக ஒன்றுசேர்கின்றன. எல்லாம் சமமாக வெற்றிபெற்றன என்று நான் சொல்ல வரவில்லை. ‘லப்பாரென்ஸா’ இறுக்கமானது, அதில் மூச்சுவிட இடம் போதவில்லை. 1992 தட்டின் இயந்திரத் தாளங்களில் சில இன்று பழைய சரக்காகவே கேட்கின்றன, ஒரு பாட்டுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு தெரியாத இடங்களும் உண்டு. ஆனால் ‘ஹெகல்’ அப்படியில்லை. தத்துவஞானி படித்த தூபிங்கன் நகரத்தின் பெயரில் ஒரு பாட்டு, அழகியலின் பெயரில் ஒரு பாட்டு என்று கனமான தலைப்புகளைச் சுமந்துகொண்டு, இளமைக் கால நேசம் ஒன்றை நினைவுகூர்வதுபோல் மிக லேசாக நடக்கிறது. ஆண்டி டங்கன் தயாரித்த அந்த ஒலியில் ஐம்பது வயதைத் தாண்டிய குரல் உணர்ச்சியைக் கொட்டாமல், ஒவ்வொரு சொல்லையும் அதன் இடத்தில் வைத்துவிட்டு நகர்கிறது.

எதிர்வாதங்களில் வலுவானது மொகோலைப் பற்றியது. மக்கள் நேசித்தது மொகோலின் சொற்களை, அவை போனதும் இசை அனாதையாகிவிட்டது என்பார்கள். மொகோலின் திறமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். சாதாரண மனிதர்கள் பேசிக்கொள்ளும் இத்தாலியத்தைப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர். பிரிந்த காதலர்கள் தற்செயலாகச் சந்தித்துச் சாப்பாட்டைப் பற்றி விசாரித்துக்கொள்ளும் பேச்சை நடனப் பாட்டாக்கும் துணிவு அவருக்கு இருந்தது. ஆனால் அந்தச் சொற்களுக்கு இடம் வகுத்தது முன்பே இருந்த மெட்டு. எங்கே தயங்குவது, எங்கே ஒரு சொல்லை நீட்டிவிட்டு அடுத்ததை விழுங்குவது என்பதெல்லாம் மொகோல் பேனாவை எடுக்கும்முன் பத்தீஸ்தியின் வாயில் தீர்மானமானவை. மொகோல் மற்ற பல இசையமைப்பாளர்களுக்கும் எழுதினார், நல்ல பாட்டுகளாகவே எழுதினார். அந்த மெட்டுகளில் இந்தத் தயக்கமும் வெடிப்பும் கிடைக்கவில்லை. பிரிவுக்குக் காரணம் பாட்டின் வருமானத்தைச் சமமாகப் பங்கிடக் கேட்டதுதான் என்று மொகோல் பின்னர் கூறியிருக்கிறார். அதனால் இதைக் கலைக்குச் சம்பந்தமில்லாத விபத்தாகக் காண்பவர்களும் இருக்கிறார்கள். கூட்டு முறிந்தது பணத்தால் என்றே வைத்துக்கொண்டாலும், அதன்பின் அவர் போன திசையை அந்தப் பணம் தீர்மானிக்கவில்லை. மொகோலைப்போல் எழுதக்கூடிய பத்துப் பேர் இத்தாலியில் அன்று கிடைத்திருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டுப் பனெல்லாவைத் தேர்ந்தெடுத்தார்.

இன்னொரு குற்றச்சாட்டு, அவர் எப்போதும் வெளிநாட்டு மோஸ்தரின் பின்னால் ஓடினார் என்பது. ராக் வந்தபோது ராக், டிஸ்கோ வந்தபோது டிஸ்கோ, சிந்தசைசர் வந்தபோது சிந்தசைசர். கடன் வாங்கினார் என்பது உண்மை, மறைக்கவும் இல்லை. ஆனால் மோஸ்தரைத் துரத்துகிறவர் அது பலன் தந்ததும் அதிலேயே தங்கிவிடுவார். இவர் ஒவ்வொரு முறையும் பலன் கையில் வந்த நேரத்தில் கிளம்பினார். ‘இல் மியோ காந்தோ லீபெரோ’ மாதிரி இன்னொன்று என்று சந்தை கேட்டுக்கொண்டிருந்தபோது, குரல் கேட்காத ‘அனிமா லாத்தினா’வைக் கொடுத்தார். லண்டன் ஒலி பணத்தை அள்ளிக்கொண்டிருந்தபோது இரண்டாம் தட்டோடு அதை மூடினார். பல்லவியில்லாத பாட்டு 1988-இல் எந்த நாட்டின் மோஸ்தராக இருந்தது?

யாரும் பாடாத பாட்டு எப்படிப் பாப் ஆகும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது இன்னும் கடினம், ஏனென்றால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடற்கரையில் நண்பர்கள் கூடி ‘லா கன்ஸோனே தெல் சோலே’யைப் பாடுவதில் ஒரு பெரிய நன்மை உண்டு, ‘ஹெகல்’ பாட்டுகளை அப்படிப் பாட முடியாது. கடைசித் தட்டுகளின் விற்பனையும் படிப்படியாகச் சரிந்தது. ஆனாலும் கூடிப் பாடுவது பாட்டுக்கு ஒரு பயன்; அதுவே எல்லாப் பாட்டுக்கும் அளவுகோலாகிவிட முடியாது. தனியாக, திரும்பத் திரும்ப, பாதி புரிந்தும் புரியாமலும் கேட்கும் இன்பத்தை ஒரு வெகுஜனப் பாடகர் தம் கேட்போருக்கு வழங்கலாகாது என்று எந்த விதி சொல்கிறது? நாற்பது வயதில், கையில் அத்தனை வெற்றிப் பாட்டுகளோடு, வருடத்துக்கு ஒரு சுற்றுப்பயணம் போய்ப் பழையவற்றையே பாடி அவர் நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். மக்கள் தம்மேல் வைத்திருந்த நம்பிக்கையை அவர்களுக்குப் பழக்கமில்லாத ஒன்றைக் கேட்கவைப்பதற்காகச் செலவிட்டார். அதை அகம்பாவம் என்பவர்கள், கேட்பவருக்கு இவ்வளவு இயலும் என்று நம்புவதில் உள்ள மரியாதையைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

இந்த வெட்டுப்பட்ட வரலாற்றைச் சட்டச் சண்டைகளும் நிலைநிறுத்திவிட்டன. பாட்டுகளின் உரிமை குறித்து மொகோலுக்கும் பத்தீஸ்தி குடும்பத்துக்கும் நடந்த நீண்ட வழக்குகளால், பத்தீஸ்தி இறந்து இருபது ஆண்டுகள் கடந்த பின்னும் அவருடைய பாட்டுகள் இணைய இசைச் சேவைகளுக்கு வரவில்லை. கடைசியில் 2019-இல், அந்தப் பழைய பாட்டின் பெயருக்குப் பொருத்தமாகச் செப்டம்பர் 29 அன்று வந்தபோது, வந்தவை மொகோல் காலத்துத் தட்டுகள்தாம். செல்பேசியில் இசை கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை பத்தீஸ்தியை முதன்முதலாகச் சந்தித்த அன்று, அவர் 1980-இல் நின்றுபோன மனிதராகவே அறிமுகமானார். உரிமை வைத்திருப்பவர்கள் செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்று இருக்கிறது. 1969 முதல் 1994 வரையிலான எல்லா இசைத்தட்டுகளையும், இடையிலுள்ள சொல்லில்லாத துண்டுகளோடும் நீண்ட தலைப்புகளோடும், வந்த வரிசையிலேயே ஒரே தொகுப்பாக வெளியிட வேண்டும். வானொலிகள் ‘அனோனிமோ’வை ஒலிபரப்பினால் அடுத்ததாக ‘லே கோசே கே பென்சனோ’வை ஒலிபரப்பட்டும். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு ஆண்டுகளும் ஒரு பாடலாசிரியர் மாற்றமும் இருப்பது எத்தனை பேர் காதுக்குத் தெரிகிறது என்று பார்த்துவிடலாம்.